மாற்றுச் சிறுநீரகமும் நெஞ்சுச் சளியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

சிறுநீரகச் செயலிழப்பைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வரும் நுரையீரல் தொற்றையும், மருந்துக்கு மசியாத கிருமிகளையும் பற்றியே அமைந்திருந்தன. ஆகவே இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய தங்கை சிறுநீரகம் கொடுத்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்று மருந்துகளையும் தவறாமல் சாப்பிடுகிறார். போன வாரம் நான்கு நாள் இருமல் இருந்தது, காய்ச்சல் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்தார்கள். மறுநாள் வேறொரு காரியமாக மருத்துவமனையின் மாற்றுச் சிறுநீரகப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசியபோது இதைச் சொன்னேன். உடனே அந்த மருந்தை நிறுத்தும்படியும், மறுநாள் காலை மாத்திரை சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வரும்படியும் தாதி சொன்னார். ஒரு டாக்டர் கொடுத்த மருந்தை இன்னோர் இடத்தில் நிறுத்தச் சொன்னால் நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, தாதி சொன்னதுதான் சரி. ஆனால் கிளினிக் டாக்டர் கொடுத்தது கெட்ட மருந்து அல்ல. உங்களுக்கோ எனக்கோ அதே இருமல் வந்தால் கிளாரித்ரோமைசின் பொருத்தமான மருந்தாக இருந்திருக்கலாம். உங்கள் கணவருக்கு அது பொருந்தாததற்குக் காரணம் கிருமி அல்ல, உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ்.

டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள ஒரு நொதி செய்கிறது. கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது நோயாளி வழக்கமான அளவு மாத்திரையையே சாப்பிட்டாலும், இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு சில நாட்களுக்குள் பல மடங்கு ஏறிவிடக்கூடும். அளவு மீறிய டாக்ரோலிமஸ் சிறுநீரகத்திற்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் இரத்தத்தில் உயர்கிறது, கை நடுங்குகிறது, தலை வலிக்கிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது. தங்கை கொடுத்த சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்தே அதற்கு நஞ்சாகிவிடுகிற நிலை இது. காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுப்பது, முந்தைய வேளை மாத்திரைக்குப் பிறகு உடலில் எஞ்சியிருக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டறிவதற்காகும். சாப்பிட்டுவிட்டுச் சென்றால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளாரித்ரோமைசினை நிறுத்திய மறுநாளே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. நொதி மீண்டும் இயங்கச் சில நாட்கள் ஆகும். இடையில் டாக்ரோலிமஸைக் குறைத்திருந்தால், பிறகு அதை மறக்காமல் மறுபடியும் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். அதனால்தான் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தம் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

இதே வகையைச் சேர்ந்த அசித்ரோமைசின் அந்த நொதியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே வேறு வழி இருந்தது. ஆனால் அந்த வழியைத் தேர்ந்தெடுக்க, எதிரில் உட்கார்ந்திருப்பவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "பிரஷர் மருந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துகளின் பெயரும் அளவும், மாற்றுச் சிறுநீரகப் பிரிவின் தொலைபேசி எண்ணும் எழுதிய ஓர் அட்டையை அவருடைய பணப்பையில் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். எந்த மருந்தையும் வாங்கிய பிறகு, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன், அந்தப் பிரிவுக்கு ஓர் அழைப்பு விடுங்கள். நீங்கள் தற்செயலாகச் செய்ததை எல்லாரும் வழக்கமாகவே செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி, "காய்ச்சல் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்களைத் தேற்றிவிட வேண்டாம். பிரெட்னிசோலோன் காய்ச்சலை அடக்கிவிடும். மற்ற இரண்டு மருந்துகளும், கிருமியை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. உடம்பு எதிர்த்துப் போராடுவதால் தோன்றுபவையே காய்ச்சலும் நெஞ்சு வலியும் திரண்ட மஞ்சள் கோழையும். போராட்டம் மந்தமாக இருக்கும்போது அடையாளமும் மந்தமாகவே இருக்கும். தொடக்கத்தில் நெஞ்சு எக்ஸ்ரேகூடத் தெளிவாக இருந்து, சிடி ஸ்கேனில்தான் நிமோனியா தெரிவதுண்டு. எனவே இத்தகையவர்களுக்கு வரும் இருமல் மூன்று நாட்களைத் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, படியேறும்போது வழக்கத்தை மீறி மூச்சு வாங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அங்கே முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போவதற்கு முன் கோழையும் இரத்தமும் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பப்பட்டனவா என்று பணிவாகக் கேளுங்கள். இந்த மாதப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். ஒன்றிரண்டு வேளை மருந்து உள்ளே போய்விட்டால், நிமோனியாவுக்குப் பெயர்போன நிமோகோக்கஸ் போன்ற கிருமி ஆய்வுக்கூடத் தட்டில் வளராமலே போய்விடலாம். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று தெரியாமலே, ஒரு மருந்து மாற்றி இன்னொரு மருந்தாகக் கொடுக்க நேரிடும். கோழை கொடுக்கும் முறையும் உண்டு: வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் வாயில் குடியிருக்கும் கிருமிகள்தான் வளரும். மூச்சுத் திணறலோடு வருகிறவருக்குக் கோழை வரவில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் போதும், அதன் பிறகு மருந்தைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூன்று ஆண்டுகள் டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீரகம் கிடைத்தது. அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரத்தில், வார்டில் இருக்கும்போதே நிமோனியா வந்துவிட்டது. கோழையில் "இஎஸ்பிஎல் கிளெப்சியெல்லா" என்று முடிவு வந்ததும் தனி அறைக்கு மாற்றினார்கள். நாங்கள் கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடிகிறது. சிறுநீரகத்துக்கான மருந்து ஒன்றையும் நிறுத்திவிட்டார்கள். அம்மா வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக் அதிகம் சாப்பிட்டவரே அல்ல. அவருக்கு எப்படி மருந்து எதிர்ப்பு வந்தது? சிறுநீரகம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, மருந்துக்கு எதிர்ப்பு வந்திருப்பது உங்கள் அம்மாவுக்கு அல்ல, அவர் உடலில் உள்ள கிருமிக்கு. வாழ்நாள் முழுதும் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத ஒருவரிடமும் இத்தகைய கிருமி வந்து சேரலாம். ஆகவே அவர் எதையோ தவறாகச் செய்துவிட்டார் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

கிளெப்சியெல்லா நம் குடலில் சாதாரணமாக வசிக்கும் பாக்டீரியா. அதில் சில வகைகள், பென்சிலின் குடும்பத்தையும் செஃபலோஸ்போரின் குடும்பத்தில் பெரும்பாலானவற்றையும் வெட்டிச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை உற்பத்தி செய்கின்றன. அந்த நொதியின் பெயர்ச் சுருக்கமே இஎஸ்பிஎல். அந்த நொதிக்கான மரபணு, பாக்டீரியாவின் முதன்மை மரபுப் பொருளில் அல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் தனிச் சிறு வளையத்தில் இருப்பதே தொல்லைக்குக் காரணம். பள்ளிப் பிள்ளைகள் விடைத்தாளை நகலெடுத்துக் கைமாற்றுவது போல, ஒரு பாக்டீரியா அந்த வளையத்தைப் பிரதியெடுத்து அடுத்ததற்குக் கொடுத்துவிடுகிறது. வேறு இனத்து பாக்டீரியாவுக்கும் கொடுக்கிறது. ஒரே வளையத்தில் இரண்டு மூன்று மருந்துக் குடும்பங்களுக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணம் செய்வதும் உண்டு.

டயாலிசிஸ் செய்கிறவர் வாரத்திற்கு மூன்று முறை மருத்துவச் சூழலுக்குள் போய் வருகிறார். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயில் வைக்கும் கதீட்டர் என்ற குழாயில் வந்த தொற்றுக்காக எப்போதாவது ஊசி மருந்து பெற்றிருப்பார். மருத்துவமனையில் படுத்திருப்பார். இப்படிப் படிப்படியாகக் குடலில் குடியேறிய கிருமி எந்தத் தீங்கும் செய்யாமல் பல மாதங்கள் இருந்திருக்கும். அறுவை சிகிச்சை, மூச்சுக் குழாய், படுக்கை, அதனுடன் எதிர்ப்பாற்றலை மிக வலுவாக அடக்கும் தொடக்ககால மருந்துகள் எல்லாம் சேர்ந்தபோது, அது நுரையீரலுக்குள் புகுந்துவிட்டது. மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதத்தில் வரும் நிமோனியாவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இத்தகைய மருத்துவமனைக் கிருமிகளே: கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டஃபைலோகோக்கஸ். ஒன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு வழக்கமாக நோய் உண்டாக்காத நிமோசிஸ்டிஸ் பூஞ்சை, நோக்கார்டியா, சைட்டோமெகலோ வைரஸ் முதலியவை தலைகாட்டும் காலம். அதன் பிறகு, ஊரில் எல்லாருக்கும் வரும் நிமோகோக்கஸும் இன்ஃபுளூயன்சாவும் முன்னுக்கு வருகின்றன. இந்த வரிசை கல்லில் செதுக்கியதல்ல என்றாலும், டாக்டர் முதல் நாள் எந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்கு இதுவே வழிகாட்டி.

இஎஸ்பிஎல் கிருமிக்குக் கார்பபெனெம் என்ற மருந்துக் குடும்பம் இருக்கிறது. அநேகமாக மெரோபெனெம் கொடுத்திருப்பார்கள். அது சிறுநீரகத்தை நேரடியாகக் கெடுக்கும் மருந்து அல்ல. உங்கள் பயத்துக்கு முதல் ஆறுதல் அது. கவலை அதற்கும் மசியாத கிருமிகளைப் பற்றியதுதான். அப்போது கோலிஸ்டின், அமிக்காசின் போன்ற, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்துகளைத் தொட வேண்டியிருக்கும். கோலிஸ்டின் அந்தக் கெடுதலுக்காகவே 1970களில் ஒதுக்கி வைக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் மறுபடியும் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து. அதைக் கோழி, பன்றிப் பண்ணைகளில் பயன்படுத்துவதை மலேசியா 2019இல் தடை செய்தது. மனிதருக்கு மிஞ்சியிருக்கும் கடைசிக் கையிருப்பைத் தீவனத்தில் கலப்பதைவிட மடமை வேறில்லை. செஃப்டாசிடிம் அவிபாக்டம் போன்ற புதிய மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லா வகை நொதிகளையும் வெல்வதில்லை, விலையும் அதிகம். பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பு நேரடிக் காரணமாகி 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் அம்மாவைத் தனி அறையில் வைத்திருப்பது தண்டனை அல்ல. அடுத்த கட்டிலில் இருக்கும் இன்னொரு மாற்றுச் சிறுநீரகக்காரருக்குச் செய்யும் காப்பு. வெளியே வரும்போது கையுறையைக் கழற்றிய பிறகும் கையைக் கழுவுங்கள். கழற்றும்போதுதான் கை அழுக்காகிறது.

நிறுத்தப்பட்ட மருந்து மைகோஃபினோலேட்டாக இருக்கலாம். கடுந்தொற்றின்போது வெள்ளணுக்களுக்குக் கொஞ்சம் கட்டவிழ்த்துவிட அதைக் குறைப்பதோ தற்காலிகமாக நிறுத்துவதோ வழக்கம். பிரெட்னிசோலோனை மட்டும் திடீரென்று நிறுத்த மாட்டார்கள். நாள்பட்டு அதைச் சாப்பிட்டவரின் அட்ரீனல் சுரப்பி தானே ஹார்மோன் சுரப்பதை மறந்திருக்கும். நிராகரிப்பு வருமா என்றால், வாய்ப்பு உண்டு. ஆனால் உயிர் முதலில், சிறுநீரகம் அடுத்தது என்ற வரிசையில் எந்த டாக்டரும் தயங்க மாட்டார். நாள்தோறும் கிரியேட்டினின் பார்த்துக்கொண்டு, தொற்று தணிந்ததும் மருந்தைப் படிப்படியாகத் திரும்பக் கொடுப்பார்கள். எத்தனையோ பேர் இந்தக் கட்டத்தைச் சிறுநீரகத்தோடு தாண்டி வந்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் டாக்டரிடம் கேட்கலாம்: அந்தக் கிருமி உண்மையில் நோயை உண்டாக்கியதா, அல்லது தொண்டையில் சும்மா குடியிருந்ததா? கோழையில் கிருமி வளர்ந்ததாலேயே அது நிமோனியா ஆகிவிடாது. ஸ்கேனும், ஆக்சிஜன் அளவும், இரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போக வேண்டும். தேவைப்பட்டால் நுரையீரலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திக் கழுவி எடுத்த நீரைச் சோதிப்பார்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பெற்றேன். பாலிக் புலாவில் சிறிய டுரியான் தோப்பும் கீரைப் பாத்தியும் உண்டு. மழைக்காலத்தில் மண்ணில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்கிறார். மண்ணுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், பினாங்கு

பதில்: ஐயா, தொடர்பு உண்டு, அதன் வரலாற்றில் கோலாலம்பூருக்கும் ஓர் இடம் உண்டு. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் கிருஷ்ணசாமி என்ற நம்மவரும், இறந்தவர்களின் உடல்களில் அதுவரை அறியப்படாத ஒரு நோயைக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சோதனைக்காக வளர்த்த கினிப் பன்றிகள் கூட்டமாக இறந்தபோது, அதே கிருமி அவற்றிலும் இருப்பது தெரிந்தது. அங்கே பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921இல் அந்நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவித்திரி புதுச்சேரி குழுவினர், இரத்தத்தில் இக்கிருமி பரவிய 50 நோயாளிகளைப் பற்றி 1992இல் எழுதிய கட்டுரை, இந்நாட்டு மருத்துவர்களுக்கு இந்நோயை நினைவூட்டிய முக்கியமான ஒன்று.

பர்க்கோல்டேரியா சூடோமாலி என்ற இந்தப் பாக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. கால் விரலிடுக்கில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும், காற்றோடு மழை அடிக்கும்போது மூச்சு வழியாகவும், காய்ச்சாத கிணற்று நீர் வழியாகவும் உள்ளே வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நீரிழிவு, நாள்பட்ட சிறுநீரக நோய், எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்து ஆகிய மூன்றும் இந்நோய்க்கு வாசலைத் திறந்துவிடும் காரணங்கள். உங்களிடம் அம்மூன்றுமே இருந்திருக்கின்றன. அது மிகுதியாகத் தாக்கும் உறுப்பு நுரையீரல். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் உயிரைக் குடிக்கும் நிமோனியாவாகவும், சிலருக்கு வாரக்கணக்கில் இருமலும் எடை குறைவுமாக, காசநோய் என்றே எண்ணும்படியும் வரும்.

முந்தைய கடிதத்தில் பார்த்த கிருமி மருந்து எதிர்ப்பை வெளியிலிருந்து பெற்றது. இதுவோ பிறவியிலேயே பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் முதலிய பல மருந்துகளுக்கு மசியாதது. மருந்து எதிர்ப்பு என்றாலே யாரோ தவறாக மருந்து சாப்பிட்டதன் விளைவு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது முழு உண்மை அல்ல. இக்கிருமிக்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் கொடுத்து, பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது தொடர வேண்டும். ஊசியோடு நிறுத்தினால் நோய் திரும்பி வரும். கோட்ரைமாக்சசோல் மாற்றுச் சிறுநீரகக்காரருக்குப் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் உயர்த்தக்கூடியது என்பதால் அந்த மூன்று மாதமும் இரத்தப் பரிசோதனை தொடரும். நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பொன்னான இரண்டு நாள் போய்விடும். எனவே நீங்கள் எப்போதாவது நெஞ்சுச் சளியோடு அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், முதல் வாக்கியத்திலேயே "நான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவன், தோட்டத்தில் மண் வேலை செய்கிறவன்" என்று சொல்லிவிடுங்கள். ஆய்வுக்கூடத்துக்கும் அதைத் தெரிவிப்பார்கள். தெரியாவிட்டால் தட்டில் வளரும் இந்தக் கிருமியை வேறு ஏதோ ஒன்று என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

தோப்பை விற்றுவிடச் சொல்லும் அளவுக்கு நான் கடுமையானவன் அல்லன். வறண்ட நாட்களில் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் அணிந்து, தோலில் காயம் ஏதும் இல்லாதபோது, மேற்பார்வையாகப் போய் வாருங்கள். மழையிலும், மழை விட்ட மறுநாட்களிலும், வெள்ளம் வடிந்த பிறகு கழுவித் துடைக்கும் வேலையிலும் நீங்கள் இருக்கக் கூடாது. மக்கிய உரத்தைக் கிளறும் வேலையையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து கிளம்பும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் நோக்கார்டியாவும் இருக்கும். டுரியான் விழும் காலத்தில் மனம் கேட்காது என்பது தெரியும்; பொறுக்குவதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவிக்கு முன்பு கொடுத்த அமோக்சிசிலினில் ஓர் அட்டை மிச்சம் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற எனக்கு அவசரத்துக்கு உதவும் என்று வைத்திருக்கலாமா?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: வேண்டாம். அந்தக் கால் வயிற்றுக் கஞ்சி கிருமியைக் கொல்லாது. கல்ச்சரை மட்டும் கெடுக்கும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி டாக்டரின் மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்று இருப்பது இதற்காகவும்தான். மிச்ச மருந்தை மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதோடு, இருமலுடன் வரும் உடல்வலிக்கு மெஃபெனாமிக் அமிலம், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தொடாதீர்கள், பாராசிட்டமோல் போதும்.

கேள்வி: என் தம்பி எனக்குச் சிறுநீரகம் தரச் சம்மதித்து, பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. சிறுவயதில் எங்கள் அப்பாவுக்குக் காசநோய் இருந்ததைச் சொன்னதும், எனக்கு நோயே இல்லாதபோது பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். இது அவசியமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: அவசியம், அதையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த உங்கள் நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம். எதிர்ப்பாற்றல் விழித்திருக்கும் வரை அது உறங்கும். தம்பிக்கும் இதே பரிசோதனை வேண்டும். அவரும் அதே வீட்டில் வளர்ந்தவர் அல்லவா? நீங்கள் டயாலிசிஸில் இருந்தால் தோலில் போடும் காசநோய்ச் சோதனை "தொற்று இல்லை" என்று காட்டினாலும் நம்ப முடியாது. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி காரணமாக, "தொற்று உண்டு" என்று காட்டினாலும் முழுதாக நம்ப முடியாது. ஆகவே இரத்தச் சோதனை, எக்ஸ்ரே, குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்தே முடிவெடுப்பார்கள். ஐசோனயசிட் மாத்திரையை வைட்டமின் பி6 உடன் ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுப்பது வழக்கம்.

இதில் சலுகை கேட்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு காசநோய் விழித்துக்கொண்டால் நேரும் சிக்கல். காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், செந்தூல் வாசகிக்குச் சொன்ன கிளாரித்ரோமைசினுக்கு நேர் எதிரானது: அந்த நொதியை முடுக்கிவிடும். டாக்ரோலிமஸ் உடலில் நிற்காமல் கரைந்துபோக, அளவைப் பல மடங்கு உயர்த்தியும் போதாமல், சிறுநீரகம் நிராகரிக்கப்படும் அபாயம் வரும். ரிஃபாபியூட்டின் என்ற மாற்று மருந்து உண்டு என்றாலும், நோயே வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

வருங்காலத்துக்காக ஒன்றை நினைவில் வையுங்கள். லெவோஃப்ளோக்சசின், மாக்சிஃப்ளோக்சசின் போன்றவை சாதாரண நிமோனியாவுக்கு அடிக்கடி கொடுக்கப்படுபவை. காசநோய்க் கிருமியையும் அவை ஓரளவு அடக்கும். நோயாளி பத்து நாள் நன்றாக இருப்பார், இருமல் திரும்பும், மறுபடியும் அதே மருந்து, மறுபடியும் தெளிவு. இப்படிக் காசநோய் கண்டுபிடிக்கப்படாமலே நாட்கள் கழியும். அதற்குள் கிருமி அந்த மருந்துக்கும் மசியாததாகிவிடலாம். இரண்டாம் முறை ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு முன், கோழையில் காசநோய்ச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எனக்குச் சிறுநீரகம் கிடைத்து ஓராண்டு முடியப்போகிறது. சளி பிடிக்காமல் இருக்க நிலவேம்புக் கஷாயம் குடிக்கலாமா? தடுப்பூசி போடலாமா? வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகலாமா? மூன்றுக்கும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கஷாயம் வேண்டாம். நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்று சொல்லி விற்கப்படும் எதுவும், எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் உங்கள் மருந்துக்கு எதிராளி. கஷாயத்தால் டாக்ரோலிமஸ் ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே கணக்கிடவும் முடியாது. ஈப்போ பம்பளிமாஸையும் சேர்த்தே தவிர்த்துவிடுங்கள். அது டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தக்கூடியது.

தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். இன்ஃபுளூயன்சா ஊசியை ஆண்டுதோறும், நிமோகோக்கஸ் ஊசியை டாக்டர் சொல்லும் முறைப்படி போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லாததால் இன்ஃபுளூயன்சா ஆண்டு முழுதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியாவைப் பற்றிப் பேசும்போது வைரஸ் ஊசி எதற்கு என்று கேட்கலாம்: இன்ஃபுளூயன்சா மூச்சுக் குழாயின் உள்தோலைச் சிதைத்துவிட்டுப் போன பிறகு, அந்தப் புண்ணில்தான் நிமோகோக்கஸும் ஸ்டஃபைலோகோக்கஸும் வந்து உட்காருகின்றன. தட்டம்மை, சின்னம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமி கொண்டவை உங்களுக்கு ஆகாதவை. உங்கள் உடல் தடுப்பூசிக்கு அரைகுறையாகவே பதில் கொடுக்கும் என்பதால், வீட்டில் உள்ள எல்லாரும் இன்ஃபுளூயன்சா ஊசி போட்டுக்கொள்வது உங்களுக்கு இரண்டாவது வேலி.

பத்துமலைக்கு, சிறுநீரகம் நிலையாக இயங்கி, அண்மையில் நிராகரிப்புக்காகக் கூடுதல் மருந்து எதுவும் தரப்படாமல் இருந்தால், போகலாம். தைப்பூசத்தன்றே போக வேண்டும் என்பதில்லை. முன்னதாகவோ பின்னதாகவோ ஒரு வார நாளின் அதிகாலையில் போனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அன்றுதான் போவேன் என்றால் முகக்கவசத்தோடு போங்கள். புகைமூட்டம் இருந்தால் போகாதீர்கள். அலகு குத்துவது கூடாது. பால்குடம் எடுப்பதென்றால், ஊர்வலத்திலும் 272 படிகளிலும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல முடியாதாகையால், மாத்திரை நேரத்தை மனத்தில் வைத்துப் புறப்படுங்கள். அந்த வேளைக்கான மாத்திரைகளையும் ஒரு புட்டி காய்ச்சிய நீரையும் உடன் வரும் ஒருவரிடம் கொடுத்து, மணி அடித்ததும் நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.